கூப்பிட்டால் வராத மகன் வந்த சாயங்காலம்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே,

சாட்சி எழுதுகிறவர்கள் பயமெல்லாம் தீர்ந்த பிறகுதான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முழுவதும் தீரவில்லை. இதை எழுதும்போதும் என் மகன் எங்கே இருக்கிறான் என்று வாசல் பக்கம் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கர்த்தர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது நெஞ்சில் பாரமாக இருக்கிறது.

என் பெயர் தேவராஜ். ஆலங்காயம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குக் கூலியாகப் போனவர்கள். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான்தான். ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். வாத்தியார் பயிற்சி முடித்தேன். ஜவ்வாது மலையில் ஓராசிரியர் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அதே வருஷம் எஸ்தரைக் கல்யாணம் செய்துகொண்டு மலைமேல் குடிவந்தேன். அடுத்த வருஷம் அருள் பிறந்தான். "படிச்சவன் புள்ள. பொறக்கும்போதே அ, ஆ சொல்லிக்கினே பொறந்திருப்பான்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவனுக்கு ஒரு வயதானது. இரண்டு வயதானது. அம்மா என்று சொல்லவில்லை. அப்பா என்று சொல்லவில்லை.

பேச்சு வராதது மட்டும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முகத்தைப் பார்க்க மாட்டான். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்வான். ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தரையில் சுற்றிவிட்டால் பொழுது சாயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பான். மற்ற பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் எழுந்து போய்விடுவான். சத்தம் அதிகமானால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்துவான். உள்ளே நான் பாடம் நடத்துவேன். மலைப் பிள்ளைகள் கோரஸாக ஒப்பிப்பார்கள். வெளியே என் மகன் சுவர் ஓரம் கல்லைச் சுற்றிக்கொண்டிருப்பான். எழுத்தைக் கற்றுக்கொடுக்கிற வாய் எனக்கு அப்படியே உலர்ந்துபோகும்.

என் அம்மா மலையேறி வந்து அவன் நாக்கில் வசம்பும் தேனும் தடவினாள். ஒரு சொந்தக்காரர், சூடு போட்டால் பேச்சு வரும் என்று கரண்டியைக் காய வைத்தேவிட்டார். எஸ்தர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். எங்கள் சபையில் சிலர், இது அசுத்த ஆவி, நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறது என்றார்கள். ஊரில் பேய் என்றார்கள். இரண்டு பக்கமும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள். தாய் சரியில்லை என்றார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எஸ்தர் தண்ணீர் எடுக்கத் தனியாகப் போக ஆரம்பித்தாள்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்தக் காட்டில் இவன் தொலைந்தால் என்ன செய்வது? மற்ற பிள்ளை என்றால் கூப்பிட்டால் குரல் கொடுக்கும். இவன் பத்தடி தூரத்தில் இருந்தாலும் கொடுக்க மாட்டானே. இந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மூன்று வயது தாண்டியதும் மலைக்குக் கீழே இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் பின்னால் நின்று மணியடித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறது, பேச்சும் பழக்கமும் தாமதப்படுகிற பிள்ளை என்றார். பிள்ளைகள் வார்டு நர்ஸ் கிரேஸ் அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா பெஞ்சில் உட்காராமல் தரையில் அருளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்கள்.

"தம்பி, இவனுக்கு இன்னா புடிக்கும்?"

"பேச்சு வரலம்மா."

"அது தெரியுது. இன்னா புடிக்கும்னு கேட்டேன்."

நான் எஸ்தரைப் பார்த்தேன்.

"ஒலக்க சத்தம்மா" என்றாள் எஸ்தர். "எங்க ஊர்ல பாறைமேல சாம இடிப்பாங்க. யாரு இடிச்சாலும் போய் பக்கத்துல குந்திப்பான். கைய கல்லுமேல வச்சிக்குவான்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் அங்கதான் போய் குந்தணும்."

"மருந்து?" என்று கேட்டேன்.

"மருந்து இல்ல தம்பி. வேலதான் கீது."

அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தார்கள். 'இது இன்னா, சொல்லு' என்று கேட்கக் கூடாது. தாடையைப் பிடித்துத் திருப்பக் கூடாது. அவன் முகம் இருக்கிற உயரத்துக்கு நம் முகம் இருக்க வேண்டும். அவன் செய்வதை நாமும் செய்ய வேண்டும். அவனுக்குப் பிடித்தது நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அவன் பார்த்தால் மறுபடியும் செய்து, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தினமும் செய்ய வேண்டும். இது யார் செய்த தப்பும் இல்லை என்று எஸ்தரைப் பார்த்துச் சொன்னார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "இதுக்கா கீழ எறங்கி வந்தோம்?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல அதட்டற மாதிரி 'சொல்றா, சொல்றா'ன்னு அவன அதட்டுவீங்களே, மொதல்ல அத வுடுங்க" என்றாள்.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு பெரிய பாறை உண்டு. சாமை அறுத்தால் அதன்மேல்தான் போட்டு அடிப்பார்கள். அதிலேயே உரல் மாதிரிக் குழி குடைந்திருக்கும். அங்கே இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டால் அந்தச் சத்தம் எதிர்ச் சரிவு வரைக்கும் கேட்கும். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அங்கே இடிக்கும்போது எஸ்தர் பிள்ளையோடு போய் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போனேன். பெண்கள் இடிக்கிற இடத்தில் ஆண்கள் உட்காருவது அங்கே பழக்கமில்லை. எல்லோரும் சிரித்தார்கள். குப்பம்மாளுக்கு வாய் அதிகம்.

"இன்னா வாத்தியாரே, சாமைக்கும் பரீட்ச வைக்கப் போறியா? ஒரு ஒலக்க எடு. சாக்பீஸ் மாதிரி இருக்காது, தோள் எறங்கிடும்."

எஸ்தர் இடிக்கக் கற்றுக்கொண்டாள். நடுவில் நிறுத்துவாள். காத்திருப்பாள். பிள்ளை கல்லையே பார்த்துக்கொண்டிருப்பான். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் நான் வீட்டுக்கு வந்தபோது எஸ்தர் வாசலிலேயே நின்றாள்.

"நிறுத்தினேங்க. என்னப் பாத்தான். என் மூஞ்சியப் பாத்தாங்க!"

அன்றைக்கு நாங்கள் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் செய்தோம். அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவையாவது பார்த்தான்.

புரட்டாசி வந்தது. எல்லாம் தலைகீழாக மாறியது. அருள் மறுபடியும் யாரையும் பார்க்கவில்லை. தன் கையையே கடித்துக்கொண்டான். சுவரில் தலையை மோதினான். வயல்களில் சாமைக் கதிர் முற்றும் காலம் அது. கிளி விரட்ட நாலா பக்கமும் தகரம் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் துடித்தான். இருந்ததும் போய்விட்டதே என்று நாங்கள் உடைந்துபோனோம். ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. 'ஆண்டவரே, கொடுத்துவிட்டு ஏன் எடுத்துக்கொண்டீர்' என்று நான் இரவும் பகலும் கேட்டேன். எஸ்தர் கேட்கவும் இல்லை. பேசாமல் இருந்தாள். வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என் நிலைமையைக் கேட்டு, போதகர் ஐயாவும் சபையாரும் எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் வைக்க வந்தார்கள். ஐப்பசி மாதம், சனிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி வந்தவர்களின் துணியெல்லாம் நனைந்திருந்தது. எங்கள்மேல் அவர்களுக்கு எவ்வளவு பாரம் இருந்தால் அப்படி வந்திருப்பார்கள்! அந்த அன்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

சின்ன வீடு. கதவு வரைக்கும் ஆட்கள். கஞ்சிரா, கைத்தட்டு, பாட்டு. பிறகு அருளை நடுவில் உட்கார வைத்து எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். எங்கள் சபையில் ஜெபம் என்றால் சத்தமாகத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு குரலில். அதில் என் குரல்தான் பெரிய குரல். பிள்ளை அலறினான். அவன் அலற அலற, ஆவி போராடுகிறது என்று நினைத்து ஜெபமும் ஏறியது. போதகர் ஐயா, "எல்லாரும் கண்ண மூடி, கைய ஒசத்தி ஆண்டவர நோக்கிப் பாருங்க" என்றார். கையை எடுத்தோம். கண்ணை மூடினோம்.

எவ்வளவு நேரம் ஜெபித்தோம் என்று தெரியாது. அழுது ஜெபித்தோம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பாயில் பிள்ளை இல்லை.

அறை நிறைய ஆட்கள் இருந்தோம். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் ஒருவர்கூடக் கண்ணைத் திறந்திருக்கவில்லை.

வீட்டைச் சுற்றி ஓடினேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். சுனைக்கு ஓடினேன். சுனைத் தண்ணீரில் குனிந்து பார்த்தேன். இல்லை. பாறைக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை. பாறைக்கு அந்தாண்டை காடுதான். மஞ்சு மூட்டம் இறங்கி மரமெல்லாம் அடிமட்டும்தான் தெரிந்தது. மழைக்கால மலையில் நாலு மணிக்கே இருட்டின மாதிரி ஆகிவிடும். அந்த மாதம்தான் தேன் எடுக்கப் போன ஒருவர் முகத்தைக் கரடி கிழித்திருந்தது. அதே சரிவில்.

ஊர் கூடிவிட்டது. மலையில் ஆள் தொலைந்தால் ஒரு முறை உண்டு. ஆண்கள் எல்லோரும் தகரமும் தப்பட்டையும் எடுத்துக்கொண்டு வரிசையாகக் காட்டுக்குள் இறங்குவார்கள். தட்டிக்கொண்டே பேர் சொல்லிக் கத்துவார்கள். தொலைந்தவனுக்கு வழி தெரியும். கரடி, பன்றி கிட்டே வராது. அப்படித்தான் இறங்கினார்கள். சபையாரும் சேர்ந்துகொண்டார்கள். "அருளு! அருளு!" என்று மலையே அதிர்ந்தது.

நான் எல்லோருக்கும் முன்னால் கத்திக்கொண்டு ஓடினேன். முள் கிழித்தது தெரியவில்லை. ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்க்கும்போது, இருக்க வேண்டுமே என்றும் பயம். எப்படி இருப்பானோ என்றும் பயம். போய்க்கொண்டே இருந்தோம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கத்திக் கத்திக் கடைசியில் எனக்குக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

பாறைக்கே திரும்பி வந்து முழங்காலில் விழுந்தேன். ஜெபிக்கப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் ஜெபித்து எனக்குப் பழக்கமே இல்லை. ஆண்டவரே என்று உதடு மட்டும் அசைந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தையும் இல்லை. என் மகன் இப்படித்தான் இருக்கிறானா என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. உள்ளே அவ்வளவு இருந்தும் வெளியே வராமல்.

அந்த நேரம் கீழே இருந்தவர்கள் மூச்சு வாங்க நின்றார்கள். தகரங்கள் கொஞ்ச நேரம் ஓய்ந்தன. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிரியமானவர்களே, அப்போது எனக்குள் ஒன்று தெளிவாகியது. யாரும் காதில் சொல்லவில்லை. தரிசனம் எதுவும் நான் பார்க்கவில்லை. ஆனால் அது என் புத்தியிலிருந்து வந்ததில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். நாம் தேடவில்லை, துரத்துகிறோம். இந்தச் சத்தம் இருக்கும்வரை அவன் ஒளிந்த இடத்தைவிட்டு வர மாட்டான்.

அப்படியானால் எதற்கு வருவான்?

என் கைக்குக் கீழே அந்தக் குழி இருந்தது. மழைத் தண்ணீரும் சருகும் நிறைந்து. இதில் உலக்கை விழுந்து எத்தனை நாளாயிற்று? பழைய சாமை தீர்ந்து ஊரே ரேஷன் அரிசிக்கும் கேழ்வரகுக்கும் மாறிய பிறகு யாருமே இடிக்கவில்லை. புரட்டாசியிலிருந்து. அவன் மறுபடி எங்களைப் பார்க்காமல் போனதும் அன்றிலிருந்துதான்.

எஸ்தர் பாறையின் ஓரத்தில் காட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்துக் குழியைக் காட்டினேன். குரல் இல்லாமல் சைகையில் இடித்துக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் முகம் வாடியது.

"வூட்ல சாம ஒரு பிடிகூட இல்லியே. வெறுங்கல்ல இடிச்சா சத்தம் வேற மாதிரி வரும். அவனுக்குத் தெரியும்ங்க."

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் மேலே ஏறி வந்தார். எஸ்தர் அவரிடம், தகரத்தை நிறுத்தச் சொல்லுங்க, இடிக்கிற சத்தத்துக்கு அவன் வருவான் என்றாள்.

"இன்னாமா பேசற? தகரத்த நிறுத்தினா கரடி வந்துரும். எறங்கி இருக்கறவன் எல்லாம் புள்ளகுட்டிக்காரன்."

நான் அவர் காலைத் தொட்டேன். "எழுந்திரு வாத்தியாரே, எழுந்திரு" என்று விலகினார். "சரி, நிறுத்தறேன்னே வச்சிக்க. இடிக்க சாமைக்கு எங்க போவ? புதுசு எவனும் இன்னும் சாமிக்கு வைக்கல."

அது அந்த ஊரின் கண்டிப்பான வழக்கம். முதல் கதிர் அறுத்து, காயவைத்து, அதை இடித்து அம்மனுக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் மற்ற புதுச் சாமையில் உலக்கை படும். அதுவரை வீட்டுக்கென்று ஒருவரும் இடிக்க மாட்டார்கள். அந்த வருஷம் அம்மனுக்கு வைக்கிற முறை குப்பம்மாள் வீட்டுக்கு. அவள் பானையில் மட்டும்தான் புதுச் சாமை இருந்தது.

நாங்கள் யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எங்களுக்கு இல்லை. நாங்கள் அவள் அம்மனைக் கும்பிடாதவர்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் விறுவிறுவென்று இறங்கிப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு முறம், தோளில் இரண்டு உலக்கை.

கவுண்டர் பதறிவிட்டார். "ஏய் குப்பு, அது சாமிக்கு எடுத்தது! ஊருக்கே ஆவாது!"

"அம்மனும் புள்ள பெத்தவதான? நான் அவகிட்ட சொல்லிக்கறேன். நீ அந்த தகரத்த கீழ வைக்கச் சொல்லு" என்றாள். எஸ்தர் பக்கம் ஒரு உலக்கையை நீட்டினாள். "அழுதுகினே இடிக்காத. தாளம் தப்பிடும். தப்பினா உம்புள்ள நம்மள மதிக்க மாட்டான்."

குழியைத் துடைத்துச் சாமையைக் கொட்டினார்கள். கவுண்டர் கீழே பார்த்துக் கையை உயர்த்தினார். தகரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கத்துவதும் நின்றது.

பிறகு உலக்கை விழுந்தது. தொம். தொம். தொம். தொம்.

அந்த நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்? தேடினபோதாவது ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கரடி விரட்டத் தகரம் இல்லை. கூப்பிடக் குரல் இல்லை. காட்டுக்குள் நின்ற ஆண்கள் அரிவாளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். இவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனால் என்னால்தான். சபையார் பாறையின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். போதகர் ஐயா உட்பட ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவரும் கண்ணை மூடவில்லை. எல்லோரும் காட்டையே பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் ஜெபித்தோம். வந்துவிடு ராசா. ஆண்டவரே, கொண்டு வாரும். வந்துவிடு ராசா. எனக்கு இந்த இரண்டும்தான் ஜெபம். மாற்றி மாற்றி, உலக்கை மாதிரி.

பாறைக்குக் கீழே உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. கறுப்பாக ஏதோ தாழ்வாக வந்தது. ஒருவர் அரிவாளை ஓங்கிவிட்டார். கவுண்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கரடி இல்லை. சேறு பூசி, நனைந்து, முட்டியில் ரத்தத்தோடு தவழ்ந்து வந்தான் என் மகன்.

எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எழுந்தான். நேராகப் பாறையில் ஏறிவந்து, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான். உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்தான்.

வாரி எடுக்க எழுந்துவிட்டேன். எஸ்தர் இடித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். வேண்டாம். அவள் கண்ணீர் உலக்கைமேல் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் தாளம் தப்பவில்லை. தாய்க்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? நான் அப்படியே உட்கார்ந்துகொண்டேன். அவன் பக்கத்தில், அவன் உயரத்துக்கு. என் கையையும் கல்லின்மேல் வைத்தேன். கல் அதிர்ந்தது. அதைத்தான் அவன் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தான் என்று கைக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் குப்பம்மாளுக்கு மூச்சு வாங்கியது. உலக்கை நின்றது. எஸ்தரும் நிறுத்தினாள். ஒருவரும் அசையவில்லை.

அருள் நிமிர்ந்தான். அம்மா முகத்தைப் பார்த்தான். பிறகு பிறந்தது முதல் செய்யாத ஒன்றைச் செய்தான். என் கையைப் பிடித்தான். இழுத்துக்கொண்டு போய் உலக்கைமேல் வைத்தான். அவன் பிஞ்சு விரல் என் விரலின்மேல் அழுத்தியது. என்னிடம் கேட்கிறான். என் மகன் என்னிடம் ஒன்று கேட்கிறான்!

எழுந்து இடித்தேன். கண் தெரியவில்லை. இரண்டு குத்து கல்லின் விளிம்பில் விழுந்தது.

"மெதுவா வாத்தியாரே, பாற ஒடைஞ்சிரப் போவுது" என்றாள் குப்பம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். கவுண்டரும்தான்.

குப்பம்மாள் மறுநாள் அம்மன் கோயிலுக்குப் போனாள். பிறகு வேறு கதிர் அறுத்து, காயவைத்துப் பொங்கல் வைத்தாள். "இன்னா சொன்னாங்க உங்க சாமி?" என்று எஸ்தர் கேட்டாள். "இன்னா சொல்லுவா? புள்ள வந்துச்சான்னு கேட்டா" என்றாள். இதைப்பற்றி நான் வாதம் செய்வதில்லை. அந்த முறத்தை அவள் இடுப்பில் யார் தூக்கிவைத்தது என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னபோது, அவர்கள் வெகுநேரம் அருளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடிப்பு இல்லாத மாதங்களுக்கு என்ன செய்வது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். பழைய மரக்கட்டை ஒன்றில் சின்ன உரல் செய்துகொண்டோம். அடுத்த தை மாதத்தில் எஸ்தர் உலக்கையை நிறுத்தியபோது "குத்து" என்றான். அதுதான் முதல் வார்த்தை. அப்பா என்று சொல்ல இன்னும் ஒரு வருஷம் ஆனது. நான் காத்திருந்தேன்.

இந்தச் சாட்சி இத்தோடு முடிந்திருந்தால் எங்கள் வீட்டோடு நின்றிருக்கும். அந்தச் சாயங்காலத்துக் கதை மலையில் பரவியது. சில வாரம் கழித்து அடுத்த சரிவிலிருந்து ஒருவர் வந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவே இல்லை.

"எங்க பொண்ணும் அப்டித்தான் வாத்தியாரே. வேலைக்குப் போவும்போது கவுத்துல கட்டிட்டுப் போறோம். வேற இன்னா செய்யறதுன்னு தெரியல."

நானும் எஸ்தரும் போனோம். இடுப்பில் கயிற்றோடு ஒரு பெண் பிள்ளை தூணைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அந்தத் தாய் எங்கள் முன்னால் நிற்கவே கூசினாள். எஸ்தர் தரையில் உட்கார்ந்து, "இவளுக்கு இன்னா புடிக்கும்மா?" என்று கேட்டாள். நான் அன்றைக்கு எஸ்தரைப் பார்த்த மாதிரியே அந்தத் தகப்பன் தன் மனைவியைப் பார்த்தார். தாய்தான் மெதுவாகச் சொன்னாள். "வெளக்குமாறு. அந்தக் குச்சிய வெரலால தடவிக்கினே இருப்பா." சரி என்று நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு விளக்குமாற்றை வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தோம். தாய் சிரித்துவிட்டாள். பிள்ளை பிறந்த பிறகு சிரித்தது அன்றைக்குத்தான் என்றாள்.

இப்போது மாதத்தில் ஒரு நாள் பாறையில் கூடுகிறோம். வர முடிகிறபோது நர்ஸம்மாவும் ஏறி வருகிறார்கள். சில குடும்பங்கள்தான். எங்கள் சபையார் இருக்கிறார்கள், அம்மனைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்மாருக்குப் பிள்ளையைப்பற்றிச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததே பெரிதாக இருக்கிறது. தகப்பன்மாரை வர வைப்பதுதான் கஷ்டம். வந்தால் குப்பம்மாள் கையில் உலக்கையைக் கொடுத்துவிடுகிறாள். எல்லாப் பிள்ளைக்கும் பேச்சு வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கயிற்றில் இருந்த அந்தப் பெண் இன்னும் பேசவில்லை. ஆனால் கயிறு இல்லை. தாய் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள்.

அருள் என் வகுப்பில் ஓரத்தில் உட்காருகிறான். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறான். வெளி ஆட்களுக்குப் புரியாது. தகரம் தட்டினால் இன்னும் காதைப் பொத்துகிறான். எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்கிற பயம் சில விடியற்காலையில் வந்து நெஞ்சில் உட்காருகிறது. அப்போது அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொள்கிறேன். குரல் போனவன் ஜெபத்தையும் ஆண்டவர் கேட்டார். பயத்தோடு வந்தவனையும் தள்ளவில்லை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஜெபக்கூட்டம் நடக்கிறது. மெதுவாகப் பாடுகிறோம். கஞ்சிரா இல்லை. போதகர் ஐயா ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார். ஜெபிக்கும்போது ஒருவர் மட்டும் கண்ணை மூடாமல் ஜெபிக்க வேண்டும். அந்த முறையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் பாயில் இருக்கிற என் மகனைப் பார்த்துக்கொண்டே ஆண்டவரிடம் பேசுகிறேன். சில நாள் அவனும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான்.

பிரியமானவர்களே, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தாதிருங்கள். உங்கள் பயத்தோடேயே ஆண்டவரிடம் வாருங்கள். பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபியுங்கள்.